தங்கமான மனுசர்

தரகர் விசாரிக்க வருகிற நேரம் பாளையங்கோட்டை நவநீதம் அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். பால் கொண்டுவரும் ட்ரோன் பால்கனியை விட்டுப் பறந்த பிறகு, குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால். அந்த இடைவெளியில் ஏதாவதொரு வீட்டின் சுவர்ப்பேசி தொண்டையைச் செருமிக்கொள்ளும். அதற்குத் தொண்டை கிடையாது. ஆனாலும் சுவர் திடீரென்று பேசினால் ஜனங்கள் பயந்து காபியைக் கொட்டிவிடுகிறார்கள் என்று யாரோ அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டதிலிருந்து செருமிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. "வணக்கம். பணிப்பொருத்தகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் அக்கம்பக்கத்தார் ஒருவரைப் பற்றிச் சின்ன விசாரணை."

பணிப்பொருத்தகம் என்று அரசாங்கத்தைத் தவிர யாரும் சொல்வதில்லை. தரகர் என்றால்தான் ஊருக்குப் புரியும்.

அன்று காலை செருமல் கேட்டது எதிர்வீட்டு எஸ்தர் ராஜத்தின் சுவரில். ஆவுடையப்பன் காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி செண்பகவல்லி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பேச்சு என்று சொன்னால் செண்பகவல்லியின் பேச்சு. ஆவுடையப்பன் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. அடுத்தவர் விசாரணையை ஒட்டுக்கேட்பது சட்டப்படி தப்பு. கேட்காமல் விட்டால் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது விழிக்க வேண்டி வரும். எனவே நவநீதத்தில் எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் மின்விசிறியைக்கூட அணைத்துவிடுவார்கள்.

"உங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கும் திரு. ஆவுடையப்பன் எப்படிப்பட்டவர்?" என்றது எதிர்வீட்டுச் சுவர்.

செண்பகவல்லியின் கத்தி அவரைக்காயின் பாதியில் நின்றது. வேலையில் இருக்கிறவனைப் பற்றித் தரகர் விசாரிப்பதில்லை. இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"சோலி போயிட்டோ?" என்று கேட்டாள்.

"ம்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம்."

"சோலிய விட்டுட்டு வந்தா ராத்திரி அந்தப் புட்டையும் பயறையும் அப்படி ரசிச்சு சாப்ட்டிய?"

"காபி குடிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

"கட்டுனவளுக்குக் கடைசியிலயா? இனி நான் மாடிக்குப் போனா எஸ்தர்க்கா எனக்கே விவரம் சொல்லுவா."

அவர் கையைக் காட்டி அமர்த்தினார். எதிர்வீட்டில் எஸ்தரின் குரல் கணீரென்று எழுந்தது. சுவர்ப்பேசிக்குக் கண் இல்லை என்று தெரிந்தும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் பதில் சொல்வது வழக்கம்.

"அவரா? தங்கமான மனுசரு. அவரு உண்டு, அவரு சோலி உண்டு. குனிஞ்ச தல நிமிர மாட்டாரு. ஒரு வார்த்த அதிகப்படியாப் பேசி இந்தக் காதால கேட்டதில்ல."

ஆவுடையப்பனுக்கு வேலை போன துக்கத்திலும் சிரிப்பு வந்தது. போன வாரம்தான் அதே எஸ்தர் அவரிடமே, "எதிர்வீட்டுல ஒரு ஊமையன் இருக்கான், அவன் மூஞ்சியப் பாத்துட்டுப் போனா பஸ்ஸு கூட கெடைக்காது" என்று சொல்லியிருந்தாள். அது எப்படி அவரிடமே சொன்னாள் என்று கேட்டால், அதுதான் போன வேலையின் கதை.

தென்பொருநை நீர்வழங்கல் நிறுவனத்துக்குப் போன் போட்டால் தேன்மொழி என்ற பெண் எடுப்பாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை, மீட்டர் பொய் சொல்கிறது என்று எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்பாள். முதலில் பேசுவது இயந்திரம். கொஞ்ச நேரத்தில் ஜனங்களுக்குப் பொறுமை போய், "ஏட்டி, மனுசரு யாரும் இல்லையா அங்க?" என்று கத்துவார்கள். அந்தக் கணத்தில் இயந்திரம் ஒதுங்கிக்கொள்ளும், ஆள் நுழையும். குரல்மாற்றி வழியாக நுழைவதால் குரல் மட்டும் அதே தேன்மொழியின் இளங்குரல். பாளையங்கோட்டை வட்டத்துக்கு நுழைகிற ஆள் ஆவுடையப்பன். மீசை வைத்த, பாதித் தலை வழுக்கையான, கால் ஆணிக்கு மருந்து போடுகிற ஆவுடையப்பன். காலையிலிருந்து மாலை வரை வண்ணார்பேட்டை அலுவலகத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் தேன்மொழியாகப் பேசித் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது அவரிடம் ஒரு வார்த்தை மிச்சமிருக்காது. லிஃப்டில் யாராவது "சாப்டாச்சா?" என்றால் தலையை ஆட்டுவார். தலைக்குக் குரல் தேவையில்லை.

எஸ்தரின் குரலை முதல் நாளே அடையாளம் தெரிந்துவிட்டது. தேன்மொழி யார் என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தபடியால் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்தர் ஆரம்பத்தில் தண்ணீருக்காகக் கூப்பிட்டாள். பிறகு மூட்டு வலிக்காக. பிறகு கனடாவில் இருக்கிற மகன் ரூபனுக்காக. பிறகு எதற்காகவும் இல்லை, காலையில் காபி ஆறுவதற்குள் ஒரு தடவை கூப்பிட்டு, "தேனு, எழுந்திட்டியா?" என்பாள். அடுக்ககத்தில் யார் யாரிடம் என்ன மறைக்கிறார்கள் என்று ஊமையனான ஆவுடையப்பனுக்குத் தெரிந்த மாதிரி ஊருக்குப் பேசுகிற எஸ்தருக்கே தெரியாது. எல்லாம் அவள் சொன்னதுதான்.

இவ்வளவு காலம் பேசியதை எல்லாம் நிறுவனம் சேர்த்து வைத்து, அதைக் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கிவிட்டது. இப்போது யார் கத்தினாலும் இயந்திரம் ஒதுங்குவதில்லை. ஆவுடையப்பன் போலவே உச்சுக்கொட்டுகிறது. நேற்று மாலை அவரைக் கூப்பிட்ட மேலாளர் பையன் ரொம்ப மரியாதையாக, "ஒங்க பேச்சு முழுக்க எங்ககிட்ட பத்திரமா இருக்கு சார். நீங்க எதையும் விட்டுட்டுப் போகல" என்றான். ஆறுதல் சொல்கிறானாம்.

அன்று காலை தரகர் மேல்வீட்டுப் பிரமநாயகத்தைக் கேட்டார். அடுக்ககச் சங்கச் செயலாளர் அவர். யாரோடும் சண்டை போடாத நாள் அவருக்கு ஜீரணமாகாது. அவர்கூட, "பச்சப்புள்ள மாதிரி, சார். அவரு இருக்கதே தெரியாது" என்றார். கீழ்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே பாட்டு. ஆவுடையப்பன் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

குளிர்ச்சி நாலு நாள் கூட நீடிக்கவில்லை. அவர் வீட்டுச் சுவரே செருமிக்கொண்டது.

"உங்களுக்குப் பொருத்தமான பணி கண்டறியப்பட்டுள்ளது. மணப்பாட்டுக்கு அப்பால் கடற்காற்றாலை மேடை. மேடைக் காவலர். ஒரே ஆள். கரைக்கு வருவது பருவத்துக்கு ஒருமுறை. தனிமையை விரும்புபவர், பேச்சுத் தேவை இல்லாதவர், இருக்கும் இடம் தெரியாமல் இருப்பவர் என்று உங்கள் ஊர்வாக்கு ஒருமனதாகச் சொல்கிறது. இத்தனை ஒற்றுமையான வாக்கு அபூர்வம். வாழ்த்துகள்."

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் ஆவுடையப்பன் முகம் வெளுத்த காரணம் விளங்கும். முன்பெல்லாம் வேலை தேடுகிறவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே பயோடேட்டா எழுதிக்கொள்வார்கள். பிறகு இயந்திரங்கள் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தன. கொஞ்ச காலத்தில் நாட்டில் சாதாரண ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை. எல்லோரும் தலைமைப் பண்பும் தொலைநோக்கும் கொண்டவர்கள் ஆகிவிட்டார்கள். அத்தனை பேரும் தலைவர்கள் என்றால் உலை வைப்பது யார்? முதலாளிகள் காகிதத்தையே நம்புவதை விட்டார்கள். அப்போதுதான் ஒரு புத்திசாலி அதிகாரி, பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை எழுதிக்கொடுத்ததை நம்பியா கொடுக்கிறார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள் அல்லவா, வேலைக்கும் அப்படியே விசாரித்தால் என்ன என்று கேட்டார். ஊர்வாக்குச் சட்டம் பிறந்தது. வீட்டாரைக் கேட்கக் கூடாது, கூட வேலை பார்த்தவர்களைக் கேட்கக் கூடாது, அண்டை அயலாரைத்தான் கேட்க வேண்டும். இப்படித்தான் சொல்லுங்கள் என்று யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் வாக்கே செல்லாது.

அதிகாரி பெண் கொடுத்துப் பழக்கமில்லாதவர் போலிருக்கிறது. கல்யாண விசாரணையில் அக்கம்பக்கத்தார் என்றைக்கு உண்மை சொன்னார்கள்? மாப்பிள்ளை குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்தாலும், "சாந்தமான பையன், படுத்தா எழுந்திருக்க மாட்டான்" என்றுதானே சொல்வார்கள். நல்ல காரியத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்கிற பயம். அந்தப் பயத்தோடுதான் நவநீதத்தார் தரகரிடமும் பேசினார்கள். தரகருக்கு அது தெரியாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை வேண்டாம் என்று சொல்லலாம். மாதப் பிறப்பில் மறு விசாரணை நடக்கும். இரண்டாவதாக வருவதையும் மறுத்தால் பெயரையே எடுத்துவிடுவார்கள். அப்புறம் எந்த வேலைக்கும் தரகர் வாயே திறக்க மாட்டார். ஆவுடையப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் அப்புறம் மூடவில்லை.

அதுதான் வேடிக்கை. வேலை இருந்தவரை வீட்டில் பேசாத மனிதர், வேலை போனதும் பேச ஆரம்பித்தார். தினம் கூண்டுக்குள் இறைத்துக் கொட்டிய பேச்சு போக வழியில்லாமல் வீட்டுக்குள் ஊறியது. பால்கனிக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே பேசினார். குளிர்பெட்டியிடம் பேசினார். அது நல்ல குளிர்பெட்டி, பதில் சொன்னது. செண்பகவல்லி ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பினால் செருப்பைக் கழற்ற விடாமல் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள தண்டவாளமா போட்டிருக்கு? ஒரு எடத்துல உக்காருங்க."

"கடல் நடுவுல எப்படி இருப்பேன் செண்பகம்? காத்தாடி சுத்துத சத்தத்தத் தவிர ஒண்ணும் கேக்காதாம். நான் ரெண்டு நாள் பேசாம இருந்தா பைத்தியம் புடிச்சிரும்."

"இத்தன வருசமா எங்கிட்ட பேசாம இருந்தியளே, அப்பம் புடிக்கலியா?"

அவர் மறுபடியும் பால்கனிக்கு நடந்தார். ஆனால் விஷயம் என்னவோ அதுதான். மறு விசாரணைக்குள் தான் பேசுகிற ஆள் என்று இந்தக் கட்டடத்துக்குத் தெரிய வேண்டும். சொல்லிக்கொடுக்காமல் தெரிய வேண்டும்.

மறுநாள் முதல் லிஃப்டில் ஏறினால் சிரித்தார். வெயில் அதிகம் என்றார். மழை வரும் போலிருக்கிறது என்றார். மூன்றாம் மாடிப் பெண்ணிடம் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டார். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை, கையிலிருந்தது அக்காள் பிள்ளை. நவநீதத்தார் பதிலுக்குச் சிரித்தார்கள். வாயைத் திறக்கவில்லை. வேலை போனவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விசாரணையில் இருக்கிறவனோடு பேசினால் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்கிற பயம் வேறு. அவர் வருவதைப் பார்த்தால் மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று படியில் ஏறிப்போனார்கள். எஸ்தர் மட்டும் ஒருநாள் கதவைப் பாதி திறந்து, "இத்தன வருசமா எதிர்வீட்ல இருக்கேன் தம்பி. ஒங்க வீட்டு மிக்சி சத்தம் எனக்குத் தெரியும். ஒங்க சத்தம் இப்பந்தான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

வழியைக் காட்டியது செண்பகவல்லிதான். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள். "நல்லவரு நல்லவருன்னு சொல்லித்தான ஒங்களக் கடலுக்கு அனுப்புதாவ? எவனாவது ஒருத்தன் ஒங்கள வஞ்சாத்தான் கரையில நிப்பிய. ஒரு விரோதியச் சம்பாரிங்க."

விரோதிக்கு நவநீதத்தில் பஞ்சமா? ஆவுடையப்பன் நேராகப் பிரமநாயகத்தைத் தேர்ந்தெடுத்தார். வண்டி நிறுத்துமிடத்தில் வழிமறித்து, அவருடைய மின்வண்டி கோட்டைத் தாண்டி நிற்கிறது, செயலாளர் என்றால் கொம்பா முளைத்திருக்கிறது என்று ஆரம்பித்தார். தேன்மொழியாக இருந்தபோது அவர் வாங்கிக்கட்டிக்கொண்ட வசவுகள் எத்தனை ஆயிரம். அத்தனையையும் திருப்பிப் போட்டார். சந்தாவை விழுங்கியவர், லிஃப்டுக்கு எண்ணெய் போடாதவர், தண்ணீர்த் தொட்டியில் பல்லி விழுந்ததை மறைத்தவர். கடைசி விஷயம் எஸ்தர் தேன்மொழியிடம் ரகசியமாகச் சொன்னது. நாக்கில் வந்துவிட்டது.

பிரமநாயகத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆவுடையப்பன் ஆவலோடு காத்திருந்தார். புடைத்த நரம்பு மெல்ல அடங்கியது.

"அண்ணாச்சி," என்று தோளில் கைவைத்தார் பிரமநாயகம். "மனக்கஷ்டத்துல பேசுதிய. எனக்குப் புரியுது. எந்தங்கச்சி மாப்பிள்ளையும் சோலி போன புதுசுல இப்படித்தான் மாட்ட வஞ்சுக்கிட்டு நின்னாரு. நான் ஒண்ணும் மனசுல வைக்க மாட்டேன்."

மாலையில் பிரமநாயகம் வீட்டிலிருந்து ஒரு தட்டு முந்திரிக்கொத்து வந்தது. பாவம் நல்ல மனுசர், இந்தத் தடவை இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று கட்டடம் முழுக்க ஒரு தீர்மானம் பரவியது. மறு விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. ஆவுடையப்பன் முந்திரிக்கொத்தை மென்றுகொண்டே மணப்பாட்டுக் கடலைப் படத்தில் பார்த்தார். நாலு பக்கமும் ஒரே நீலம்.

அந்த வாரத்தில்தான் மாடி விஷயம் நடந்தது.

செண்பகவல்லி வேலைக்குப் போய்விட்டதால் துணி காயப்போட அவர் போயிருந்தார். கொடியின் மறுமுனையில் எஸ்தர் ஈரச் சேலையை வாளியில் வைத்தபடி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். விசாரணையில் இருக்கிறவனோடு பேசக்கூடாது என்பது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஆகாயத்தைப் பார்த்துப் பேசினாள்.

தண்ணி ஆபீசில் ஒரு பிள்ளை இருக்கிறாள், தங்கமான பிள்ளை, இப்போது அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றாள். குரல் அதேதான். சிரிப்பும் அதேதான். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இல்லை, கேட்கிறாள். ஆனால் நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்கிறாள். "எம்மவன் வீட்ட விக்கதுக்குக் கையெழுத்து கேக்கான்னு சொல்லி அழுதேன். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது அம்மா'ங்கா. எங்களுக்காம்." எஸ்தர் ஆகாயத்திலிருந்து கண்ணை எடுத்து வாளியைப் பார்த்தாள். "இன்னிக்கு சாயங்காலம் போட்டு அனுப்பிரப் போறேன். போடாம இருந்து என்ன செய்ய?"

ஆவுடையப்பன் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அவர் அதைப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார், அதில் தண்ணீர் இல்லை.

"போடாதிய," என்றார்.

"என்னது?"

"கையெழுத்து. மழ முடியட்டும், ரூபன் நேர்ல வரட்டும், ஒங்க மூஞ்சியப் பாத்து அவன் கேக்கட்டும், அதுவரைக்கும் போடாதியன்னு சொன்னேன்லா?"

கொடியில் துணிகள் படபடத்தன. ரூபன் என்கிற பேரே இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. மகன் கனடாவில் ராஜா மாதிரி இருக்கிறான் என்பது மட்டும்தான் எஸ்தர் ஊருக்குச் சொன்ன கதை. மழை முடியட்டும் என்று சொன்னது ஒரே ஒருத்தி.

எஸ்தர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். வழுக்கையைப் பார்த்தாள்.

"தேனு?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது தெரிந்தது. அழுதது, ஊரைத் திட்டியது, செத்துப்போன புருசனைப் பற்றி ஒரு மழைநாளில் சொல்லக் கூடாததைச் சொன்னது, எதிர்வீட்டு ஊமையன். ஈரச் சேலையை வாளியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. அந்த முட்டியோடு படியில் இறங்கிப்போனாள்.

அவள் கையெழுத்துப் போடுவதைத் தடுப்பதற்காகத்தான் சொன்னாரா, இல்லை விரோதி தேடிய நாக்கு கிடைத்த சந்தர்ப்பத்தில் புரண்டதா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நமக்கு எங்கே தெரியும்? ஆனால் அந்தச் சேலையை உதறிக் காயப்போட்டது அவர்தான். சாயங்காலம் மடித்து எதிர்வீட்டு வாசலில் வைத்தார். மறுநாள் காலைவரை அது அங்கேயே கிடந்தது.

செண்பகவல்லியிடம் சொன்னபோது அவள் வழக்கம்போல் வெடிக்கவில்லை. "ஒரு பொம்பள மனசுவிட்டுப் பேசுனத ஒரு ஆம்பள கேட்டிருக்கான்னு அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்," என்றாள். பிறகு, "கையெழுத்துப் போட்டுட்டாளா?" என்று கேட்டாள்.

அது அவருக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் வழியில்லை.

மாதப் பிறப்பு வந்தது. ட்ரோன் போயிற்று. மின்விசிறிகள் நின்றன. பிரமநாயகம் மேலே மாடியதிரப் புகழ்ந்தார்: எத்தனை வஞ்சாலும் கோபம் வராத... இல்லை, கோபப்படாமல் இருந்தது தாம்தான். அவருக்குத்தான் யார் வஞ்சாலும்... குழம்பிப்போய், "மொத்தத்துல பச்சப்புள்ள சார்" என்று முடித்தார். கீழ்வீடும் பக்கத்து வீடும் கடலை நோக்கி ஆவுடையப்பனை ஆளுக்கொரு தள்ளு தள்ளின. பிறகு எதிர்வீட்டுச் சுவர் செருமியது.

 தரகர் கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"தங்கம்னு சொன்னேன் போன தடவ. பொய்," என்றாள் எஸ்தர். குரல் கணீரென்று இல்லை. "பாவம் வந்தா வரட்டும். அவன மாதிரி வாய நான் பாத்ததில்ல. முகம் தெரியாத ஆள ரெண்டு வார்த்தைல உருக்கிருவான். ஒரு 'ம்' போடுவான், அந்த 'ம்'முக்கு நம்ம பத்து வருசத்தக் கொட்டிருவோம். டாக்டர்ட்ட சொல்லாதது, பாதர்ட்ட சொல்லாதது, பெத்த புள்ளைட்ட சொல்லாதது, எல்லாத்தயும் எங்கிட்ட இருந்து எடுத்துட்டான். சொன்னது ஒண்ணையும் மறக்க மாட்டான். எழுதிக்கிடுங்க. அவன மனுசங்க இருக்க எடத்துல விடாதிய."

"வேறு ஏதாவது?" என்றார் தரகர்.

"வேற எங்கிட்ட என்ன இருக்கு?"

பொருத்தம் மறுநாளே வந்துவிட்டது. செண்பகவல்லி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான். நோயறி இயந்திரங்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கேட்டாலும் ஜனங்கள் அவற்றிடம் பாதியை மறைக்கிறார்கள். குடித்ததைச் சொல்வதில்லை, மருந்தை நிறுத்தியதைச் சொல்வதில்லை, மருமகள் அடித்ததை வழுக்கி விழுந்தேன் என்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கவைக்க ஒரு மனிதர் தேவை. பதவிக்குப் பெயர் உளக்கேட்பாளர். ஒரே ஒரு வாக்கு மற்ற எல்லாவற்றுக்கும் மாறாக இருந்ததாகவும், அதில் மட்டுமே குறிப்பிட்ட விவரங்கள் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டதாகவும், அதன் கடைசி வரி விவரமல்ல, கருத்து என்பதால் விட்டுவிட்டதாகவும் தரகர் சொன்னார். யார் வாக்கு என்று சொல்ல அனுமதியில்லை என்றார். அனுமதி தேவைப்படவும் இல்லை.

செண்பகவல்லி கேசரி கிளறினாள். கிளறிவிட்டு ஒரு கிண்ணத்தில் எடுத்து அவர் கையில் கொடுத்து, கண்ணால் எதிர்வீட்டைக் காட்டினாள்.

மணி அடித்ததும் எஸ்தர் கதவைத் திறந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், வாங்கவில்லை. உள்ளே வரச் சொல்லவுமில்லை.

"ஒமக்கு நல்லது பண்ணணும்னு நான் சொல்லல. வயிறெரிஞ்சு சொன்னது," என்றாள். 'தம்பி' என்று கூப்பிட்டது போய் 'நீர்' என்று ஆகிவிட்டது.

"தெரியும்க்கா."

"தெரியும்லா. எல்லாம் ஒமக்குத் தெரியும். அதான் எனக்கு வீட்டுக்குள்ள இருக்கவே முடியல. குளிக்கப் போனாக்கூட எதிர்வீட்ல கேக்குமோன்னு இருக்கு."

கையெழுத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டார். "இனிம ஒங்களுக்குப் பேசணும்னா எங்கிட்ட பேசலாம்," என்றார்.

"எப்படிப் பேச? மறுநா காலைல ஒம்ம மூஞ்சியில முழிக்கணும்லா." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லும். ஊமையன்னு நான் சொல்லும்போதெல்லாம் அவ சிரிச்சாளே. அது நெசச் சிரிப்பா, சோலிக்குச் சிரிச்சதா?"

"நெசம்தான்."

"இப்பம் அந்த மிசினும் அதே சிரிப்பத்தான் சிரிக்கி. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?" கொஞ்சம் யோசித்தாள். "சிரியும் பாப்போம்."

"இப்பவா?"

"இப்பந்தான்."

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தாள், காதில் போனை வைத்திருப்பவளைப் போல. ஆவுடையப்பன் கேசரிக் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் ஊமையன் என்று சொன்ன நாளை நினைத்துக்கொண்டு சிரித்தார். நடைபாதையில் அந்தச் சிரிப்பு கரகரவென்று, கனமாக, யாரோ ஆம்பிளையின் சிரிப்பாகக் கேட்டது. குரல்மாற்றி இல்லாமல் அதை அவரே முதல்தடவையாகக் கேட்டார். பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சிரித்து முடித்தார்.

எஸ்தர் கண்ணைத் திறக்காமலே இன்னும் சற்று நேரம் காத்திருந்தாள்.

"இது அவ இல்ல," என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.